சேம அச்சும் இரவல் வண்டியும்

புறநானூற்றின் 102-ஆம் பாட்டு எட்டே அடிகள் கொண்டது. பாடியவர் ஔவையார், பாடப்பெற்றவன் அதியமான் நெடுமான் அஞ்சியின் மைந்தனாகிய பொகுட்டெழினி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய பின்னர் இப்பாட்டை எடுத்து விளக்கியோர் பலர். தந்தை முதல் அச்சு, மைந்தன் சேம அச்சு. நாடாளும் பாரத்தைத் தந்தைக்கு நேரும் இடுக்கணில் தாங்க மைந்தன் உளன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. பொருத்தமான கருத்துத்தான். ஆயினும் எனக்கு ஓர் ஐயம் நெடுநாளாக உண்டு. எட்டு அடிகளில் ஐந்து அடிகள் வண்டிக்கே போய்விடுகின்றன. இளவரசனுக்கு எஞ்சுவன மூன்றே. புகழ வந்த புலவர் ஒரு மாட்டுவண்டிக்கு இத்துணை இடம் கொடுப்பானேன்?

பாட்டின் செய்தி இதுதான். உப்பு வணிகராகிய உமணர் வண்டி பூட்டுகின்றனர். எருதுகள் இளையவை, நுகத்தை இன்னும் அறியாதவை. வண்டியிலோ சரக்கு மிகுதி. வழி பள்ளத்தில் இறங்கவும் கூடும், மேட்டில் ஏறவும் கூடும். அவ்விடத்தில் என்ன நேரும் என்று யாரால் அறிய முடியும்? ஆகவே வண்டியின் கீழ்மரத்தோடு மற்றோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொள்கின்றனர். அந்தச் சேம அச்சை ஒத்தவனே என்று இளவரசனை விளித்து, நீ முழுமதி போன்றவன், உன் நிழலில் வாழ்வோர்க்கு இருள் ஏது என்று முடிக்கிறார் ஔவையார்.

முழுமதி எல்லாப் புலவர்க்கும் பொது. வானத்தை அண்ணாந்து பார்த்தவர் எவரும் அதனைச் சொல்லிவிடலாம். சேம அச்சு அத்தகையதன்று. வண்டி கட்டுமிடத்தில் நின்று, குனிந்து அடிமரத்தைப் பார்த்தவர்தாம் அதனைச் சொல்ல முடியும்.

கல்லூரியில் மனப்பாடம் செய்த இப்பாட்டு எனக்குப் பாட்டாக விளங்கியது சென்ற ஆண்டில். அல்சூரில், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் ஒரு கொட்டகையில். அது நேர்ந்த விதத்தைச் சற்றே விரித்துரைக்கப் படிப்போர் இடம் தரவேண்டும்.

தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்தெழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971-இல் வெளிவந்தது. குடகில் தோன்றும் ஆற்றைப் பூம்புகார் வரையில் தொடர்ந்து சென்ற நூல் அது. அந்நூலைப் படித்த நாள் முதல் எனக்கும் அவ்வழியே ஒருமுறை செல்லவேண்டுமென்ற ஆசை. பணி ஓய்வு பெற்றபின் அதற்குக் காலம் வாய்த்தது, வண்டிதான் வாய்க்கவில்லை. என்னிடமிருந்தது கடைத்தெருவுக்குச் சென்றுவரும் ஒரு ஸ்கூட்டர். எதிர்வீட்டுக் கன்னட நண்பர் தம்முடைய எஸ்டி மோட்டார் சைக்கிளைத் தர முன்வந்தார். 1996-இல் மூடப்பட்ட மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவான வண்டி அது. அவ்வளவு தொலைவு செல்வதற்கு முன் வண்டியும் நானும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டுமென்று, மூன்று மாதம் ஞாயிறுதோறும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் நந்தி மலை. மறு வாரம் கனகபுரா வழியாகச் சங்கமம். பெங்களூர் இளைஞர்கள் விடியற்காலையில் விரையும் வழிகள் இவை. அர்க்காவதி ஆறு தோன்றுவது நந்தி மலையில், காவிரியோடு கலப்பது அந்தச் சங்கமத்தில் என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவரோ!

இளமையில் நான் பழகியது பழைய புல்லட். அதில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். எஸ்டியில் இது நேர்மாறு. அன்றியும் அவ்வண்டியை உதைத்துக் கிளப்பும் கோலே கியர் மாற்றும் கோலாகவும் பயன்படும்; உதைத்தபின் அதனை மடக்கிக் கீழே கொணர வேண்டும். கனகபுரா சாலையில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கிட்டபோது, நாற்பதாண்டுப் பழக்கம் என் இடக்காலை அழுத்தியது. வண்டி நிற்பதற்கு மாறாகக் கியர் மாறித் திமிறியது. ஆடுகள் அறிவுள்ளவை, விலகிக்கொண்டன.

அன்றிரவு 102-ஆம் பாட்டை மறுபடி எடுத்தேன். நுகம் உணராத இளைய எருது என்ற தொடருக்கு இத்தனை நாளும் ‘அனுபவமற்ற விலங்கு’ என்றே பொருள் கொண்டிருந்தேன். இரவல் வண்டியில் நுகம் உணராதது வண்டியன்று, ஓட்டுபவன். பழையதாயினும் வண்டி தன் வேலையை அறிந்தே இருந்தது. புதியது என் கால். ஔவையார் எருதைப் பழிக்கவில்லை என்பதும் அப்போதுதான் புலப்பட்டது. எருதும் குற்றமற்றது, பண்டமும் குற்றமற்றது, வழியும் குற்றமற்றது. மூன்றும் ஒன்று கூடும்போது என்ன நிகழும் என்பதுதான் அறியக் கூடாதது. அச்சு முறியும் என்று பாட்டில் எங்கும் சொல்லப்படவில்லை. யார் அறிவார் என்ற வினாவோடு உமணர் நிறுத்திக்கொள்கின்றனர். வினாவுக்கு விடை தேடாமல் கயிற்றை எடுத்துக் கட்டத் தொடங்குகின்றனர். அஞ்சுகிறவனின் பேச்சும் அன்று இது, வீரம் பேசுகிறவனின் பேச்சும் அன்று.

வண்டியை அல்சூர்க் கொட்டகையில் விட்டேன். அங்கிருந்த முதியவர் திருப்பத்தூர்ப் பக்கத்துத் தமிழர். ஸ்பார்க் பிளக், டியூப், செயின் இணைப்பு ஆகியவற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பிறகு புதிய கிளட்ச் கேபிள் ஒன்றை எடுத்து, வேலை செய்துகொண்டிருந்த பழைய கேபிளின் பக்கத்திலேயே கைப்பிடியிலிருந்து என்ஜின் வரை ஓட்டி, இரண்டு முனைகளிலும் தூசி புகாமல் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டினார். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். “நல்லாத்தான் இருக்கு சார். எந்த மேட்டுல அறும்னு யாருக்குத் தெரியும்? அறுந்தா முனைய மட்டும் மாட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்” என்றார். அவர் புறநானூறு படித்தவரல்லர். நெடுந்தொலைவு செல்வோர்க்கு இவ்வாறு கட்டிக்கொடுப்பது அத்தொழிலில் உள்ள வழக்கமாம்.

சேம அச்சைச் சரக்கோடு சரக்காக ஏற்றாமல் கீழ்மரத்தில் கட்டியது ஏன் என்பதற்கு எனக்கு இதில் விடை கிடைத்தது. மூட்டைகளுக்கு அடியில் கிடக்கும் அச்சை எடுக்க வண்டியையே இறக்கவேண்டும். பள்ளத்தில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அது ஆகாது. தேவைப்படும் இடத்தின் அருகிலேயே, பாரத்தைச் சுமக்காமல், ஆனால் வண்டியோடு சேர்ந்து முழு வழியும் வருவது சேம அச்சு. இளவரசனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறென்ன? தந்தை அரசாளுங்கால் அவன் சுமப்பது ஒன்றுமில்லை. எனினும் அவன் வேறிடத்தில் இருக்கவும் கூடாது. இந்த நுட்பத்தை விளக்கத்தான் ஐந்து அடிகள் வேண்டியிருந்தன என்று கருதுகிறேன்.

ஔவையாரைக் கள்ளுக்கும் நெல்லிக்கனிக்கும் தூதுக்கும் உரியவராகவே நாம் கொண்டாடுகிறோம். கருவிகளை அறிந்த புலவர் அவர் என்பதை எவரும் போதிய அளவு சொல்லவில்லை. 95-ஆம் பாட்டை நோக்குக. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. பள்ளியில் இதனை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுத்து அத்தோடு விட்டுவிடுகின்றனர். கொட்டிலில் கிடக்கும் கருவிதான் உழைத்த கருவி என்று அறிய, கொட்டிலுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இன்று பெங்களூர்ப் பெருந்தெருக்களில் இருபுறமும் பெட்டிகளும் முன்னால் காப்புக் கம்பிகளும் பளபளக்க நிற்கும் நெடும்பயண வண்டிகளைக் காணும்போதெல்லாம் எனக்குத் தொண்டைமான் மாளிகை நினைவுக்கு வருகிறது. (என் வண்டி இரவல் என்பதால் எழும் பொறாமை என்று என் மனைவி சொல்வதையும் இங்கே பதிவுசெய்து விடுகிறேன்.)

அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், சேலம் என்று விழாக்காலந்தோறும் நம் குடும்பங்கள் ஊருக்குச் செல்லும் அதே வழி. உமணர் வண்டி எந்த வழியில் சென்றது என்று ஔவையார் சொல்லவில்லை. அதைத் தொப்பூர்க் கணவாய் என்று நான் சாதிக்கவும் மாட்டேன். ஆனால் தகடூர் மேட்டு நிலம். உப்பு விளைவதோ கடற்கரையில். கடற்கரை உப்பு மேட்டு நிலத்துக்கு வரவேண்டுமானால் ஏதோவொரு கணவாயில் ஏறித்தான் தீரவேண்டும். தொப்பூர் இறக்கத்தில் பாரவண்டிகள் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டிராத பெங்களூர்த் தமிழர் அரியர்.

வழிக்கு ஆயத்தம் செய்வதையே இலக்கிய வகையாக்கிய மொழி தமிழ். ஆற்றுப்படை என்பது வேறென்ன? போய் வந்தவன் போகிறவனுக்குச் சொல்வது. நம்மவர் அதனை வள்ளலைப் புகழும் நூலாக மட்டும் படிக்கின்றனர். மலைபடுகடாத்தின் 583 அடிகளில் பெரும்பகுதியைப் பெருங்கௌசிகனார் வழிக்கே அளித்திருக்கிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு ஒடுங்கிய குழியை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வந்தால் எப்படி மறைவது, வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொள்வது என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். கவர்த்த வழிகளில் பின்வரும் புதியவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்குமாறு அவர் கூறும் இடம் எனக்கு மிக விருப்பமானது. அந்நூலின் தலைவன் நன்னனுடைய செங்கண்மா, நாம் திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியிலுள்ள செங்கம். முந்நூறு அடிக்கு மேல் வழியைச் சொல்லிவிட்டுத்தான் புலவர் கொடைக்கு வருகிறார் என்பதைத் தேர்வுக்குப் படிப்போர் கவனிப்பதில்லை.

ஆற்றுப்படையில் வண்டி பரிசாகக் கிடைக்கும், இரவலாகக் கிடைப்பதில்லை. கரிகாலன் பொருநனுக்கு நான்கு வெண்புரவி பூட்டிய தேரைக் கொடுத்து ஏழடி பின்சென்று வழியனுப்புகிறான். அது கொடை. கொடையைத் திருப்பித் தரவேண்டியதில்லை. கீறல் விழுந்தாலும் கேட்பாரில்லை. இரவலோ நாள்தோறும் உடையவனின் முகத்தை நினைவூட்டுவது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பழமொழி எள்ளுகிறது. இரவலைப் பற்றி நம்மிடம் உள்ளதெல்லாம் எள்ளல்தானா?

தொல்காப்பியம் வேறொன்று சொல்கிறது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் கேட்கும் சொற்கள். இழிந்தோன் கேட்பது ‘ஈ’, ஒப்போன் கேட்பது ‘தா’, உயர்ந்தோன் கேட்பது ‘கொடு’. பாணன் தேர் கேட்டால் ‘ஈ’. எதிர்வீட்டாரிடம் வண்டி கேட்டால் ‘தா’. இரவல் ஒப்போரிடையே மட்டும் நிகழக்கூடியது. ஒப்போர் என்பதை நிலைநிறுத்துவதும் அதுவே. கன்னடத்தில் எல்லோரும் எல்லோரிடமும் ‘கொடு’ என்றே கேட்கின்றனர். நம் இலக்கணத்தில் உயர்ந்தோனுக்குரிய சொல் அங்கே பொதுச்சொல்லாகி விட்டது. நான் இன்ன கன்னடத்தில் கேட்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே நண்பர் சாவியை நீட்டி, “தகொண்டு ஹோகி ஸார்” என்றுவிட்டார். பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள், புகைச் சான்று, தம் கையெழுத்திட்ட ஒரு கடிதம் ஆகியவற்றை உறையிலிட்டு மறுநாள் கொணர்ந்து கொடுத்தார்.

அவர்க்கும் எனக்கும் இடையே இதற்கு முன்பும் ஒரு வண்டி உண்டு. என் ஸ்கூட்டர் வேலூரில் பதிவானது. ஓராண்டுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்ற விதியை நான் சோம்பலால் தள்ளிக்கொண்டே வந்தேன். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரில் நேர்ந்தவற்றை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 2016 செப்டம்பர் 12-ஆம் நாள் தமிழ்நாட்டு எண்பலகை தாங்கிய பேருந்துகளும் லாரிகளும் இங்கே எரிந்தன. அதே நாளில் சென்னையில் கர்நாடகத்தார் நடத்தும் உணவுவிடுதி ஒன்றும் தாக்கப்பட்டது. அன்று மாலை நண்பர் ஒன்றும் பேசாமல் என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்த் தம் வீட்டுப் பின்கட்டில் நிறுத்தித் தார்ப்பாய் போர்த்தினார். நான் காவிரி வழியே செல்ல இருப்பது அவருடைய கர்நாடக எண்பலகை தாங்கிய வண்டியில். எல்லைக்கு அப்பால் அதனைக் காப்பது என் பொறுப்பு. பயணத்துக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் இதனை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மேனாட்டில் மோட்டார் சைக்கிள் பயணத்துக்கென்றே ஓர் இலக்கியம் வளர்ந்திருக்கிறது. அவற்றை உமணர் வண்டியோடு ஒப்புநோக்குவது தகும். ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்ற நூல், 1968-இல் தம் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சென்ற பயணத்தைப் பற்றியது. தத்துவ விசாரத்துக்காக அதனைப் போற்றுவோர் பலர். அதன் தத்துவத்தில் பாதி எனக்குச் செரிக்கவில்லை. ஆனால் கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள், ஸ்பார்க் பிளக் என்று தாம் எடுத்துச் செல்லும் மாற்றுப் பொருள்களை அவர் பட்டியலிடும் பகுதி உண்டே, அது உமணர் பேச்சு. அதனினும் நல்ல இடம் ஒன்று: உடன் வரும் நண்பருடைய விலையுயர்ந்த ஜெர்மானிய வண்டியின் கைப்பிடி தளர்கிறது. பீர் டப்பாவின் தகட்டுத் துண்டைச் செருகினால் சரியாகும் என்கிறார் பிர்சிக். தம் வண்டியில் டப்பாத் தகடா என்று நண்பர் முகம் சுளிக்கிறார். தொண்டைமானேதான்!

சே குவேராவின் ‘மோட்டார் சைக்கிள் நாட்குறிப்புகள்’ வேறு வகை. 1952 ஜனவரியில் அவர் புறப்பட்ட நார்ட்டன் வண்டி அவருடையதன்று. நண்பர் அல்பர்ட்டோ கிரனாடோவுக்கு உரியது. ‘வலிமை வாய்ந்தவள்’ என்று பெயர். அந்த வலிமை சிலி நாட்டில் முடிந்துபோகிறது. பெரும்பகுதிப் பயணம் லாரியிலும் படகிலும் கால்நடையிலும் நிகழ்கிறது. ஆயத்தம் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. எண்ணம் தோன்றியது, விசாவும் சான்றிதழ்களும் தேடினோம், புறப்பட்டோம் என்ற அளவே. சேம அச்சு கட்டாத வண்டி. அதனால் நூல் கெட்டதா என்றால் இல்லை. வண்டி இறந்தபின்தான் அவர்கள் சுரங்கத் தொழிலாளரையும் தொழுநோயாளரையும் அருகில் சென்று பார்க்கின்றனர். ஆயினும் இருபத்து மூன்று வயதில் வாய்க்கும் நூல் அது. பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு செல்வோரின் நூல் ஔவையாருடையது.

நம் பயண நூல்களுக்கு வருவோம். பெரும்பாலானவை விமானம் இறங்கிய இடத்தில் தொடங்குகின்றன. பயணச் செலவுக்கு யார் கடன் கொடுத்தார், கம்பளிச் சட்டை யாருடையது, அவற்றைப் பற்றிப் பேச்சில்லை. விதிவிலக்காக ஏ. கே. செட்டியாரைக் கூறுவேன். தம்மைப் பற்றிப் பேசக் கூசிய மனிதர் அவர். 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றித் திரைப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. படம் 1940-இல் வெளிவந்தது. இடைப்பட்ட அலைச்சலை அவர் எழுதிய கட்டுரைகள் 2003-இல் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாக வந்தன. யார் யாரிடம் எந்தப் படச்சுருள் இருக்கிறது என்று நாடு நாடாகத் தேடிச் சென்று கேட்டுப் பெற்ற கதை அது. ஆயத்தமே நூலாகியிருக்கிறது. நம்மவர் எழுதிய பயண நூல்களுள் அதனைத் தலையாயதாக வைக்க எனக்குத் தயக்கமில்லை.

நம் சங்க மலர்களில் வரும் குடும்ப வரலாறுகளிலும் இந்தக் குறை உண்டு என்பதைச் சொன்னால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாட்டனார் கோலார் தங்க வயலுக்கு வந்தார், தந்தையார் பின்னி ஆலையில் சேர்ந்தார், பிள்ளை எச்.ஏ.எல்-இல் அதிகாரியானார் என்று மூன்று வரிகளில் முக்கால் நூற்றாண்டு கடந்துவிடுகிறது. தந்தையார் முதல்நாள் ஆலைக்குச் சென்றது யாருடைய மிதிவண்டியில்? ஊரிலிருந்து கடிதம் வந்தது யார் வீட்டு முகவரிக்கு? எழுதியவரைக் கேட்டால் வாய்மொழியாக அரைமணி நேரம் சொல்கிறார்; எழுத்தில் வரவில்லை. இரவலை எழுதுவது மதிப்புக் குறைவு என்று எண்ணுகிறோம் போலும். அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றனர். அடுத்த மலருக்கு யாரேனும் கேட்டு எழுதவேண்டும்.

மழை விட்டதும் புறப்பட எண்ணம். மடிக்கேரி, பாகமண்டலம், தலைக்காவேரி. அங்கிருந்து திரும்பி ஸ்ரீரங்கப்பட்டணம், தலக்காடு, சிவனசமுத்திரம். ஒகேனக்கல்லுக்குப் பின் தருமபுரி, தொப்பூர் வழியாக மேட்டூர். அதன்பின் ஆற்றோடு கடல் வரை. இதுவரை ஓட்டியதில் பழைய கிளட்ச் கேபிள் அறவில்லை. பக்கத்தில் கட்டியது கட்டியபடியே இருக்கிறது. இடக்கால் மட்டும் இன்னும் சில வேளைகளில் தவறுகிறது. தொப்பூர் இறக்கத்துக்கு முன் அதனைத் திருத்திக்கொள்ள எனக்கு இன்னும் நான்கு ஞாயிறுகள் உள்ளன.